எதிர்ப்பக்கத்துக்கு ஆள் தேவையில்லை

டிராலியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் லிங்கசாமியின் காதில் விழுந்தது மூன்று பேருடைய காலடி.

தண்டவாளத்துக்கு ஒருவராக இரண்டு பேர் வெறுங்காலோடு இரும்பின்மேல் ஓடிவருகிற அந்தப் பட்பட் சத்தத்தை அவர் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டு வருகிறார். அதைக் கேட்டுக்கொண்டே கோப்பு படித்திருக்கிறார், வெற்றிலை போட்டிருக்கிறார், பல மைல் தூரம் தூங்கியும் இருக்கிறார். இன்றைக்கு அந்த இரண்டுக்கும் நடுவில், ஸ்லீப்பர் கட்டைகளின்மேல், ஜல்லி நெரிய நெரிய, இன்னொன்று வந்துகொண்டிருந்தது. தள்ளுகிறவனின் காலடியில் ஒரு சீர் இருக்கும். இதில் அது இல்லை. ஒரு கட்டையில் தடுக்கி, அடுத்ததைத் தாண்டி, மூச்சு இரைக்க, எட்டாத எதையோ எட்டிப் பிடிக்க ஓடுகிறவனுடைய ஓட்டம் அது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டிராலி ஆட்களைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. வண்டி இழுக்கிற மாட்டை யாராவது இறங்கிப் போய் முகம் பார்ப்பார்களா?

ஐம்பத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாதம், மாலை நாலரை மணி. திருப்பூருக்குக் கிழக்கே கிளுவங்காட்டு ஸ்டேஷனிலிருந்து டிராலி புறப்பட்டு இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பஞ்சு அரைக்கும் மில்களைத் தாண்டும்போது காற்றில் மிதந்து வந்த பஞ்சுத்தூசி லிங்கசாமியின் கறுப்புக் கோட்டில் அங்கங்கே ஒட்டியிருந்தது. ஆற்றங்கரையில் பனியன் துணி வெளுக்கிறவர்களின் சுண்ணாம்பு நெடி இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் மழை காணாத மானாவாரிக் காடு. மேற்கே மட்டும் வானம் கருநீலமாகத் திரண்டு, இடி என்று சொல்ல முடியாத ஒரு முனகலோடு பின்தொடர்ந்து வந்தது.

லிங்கசாமி ரயில்வே ஆள் அல்ல. ரயில்வேயை மேலிருந்து கண்காணிக்கிற அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரி. பாலம், கேட், சிக்னல் எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து, சரி என்றோ சரியில்லை என்றோ எழுதுவது அவர் வேலை. விபத்து நடந்தால் விசாரித்து யார் குற்றம் என்று சொல்வதும் அவர்தான். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த குடும்பம். மதராசில் படித்து, மதராசிலேயே வீடு கட்டி, ஊர்ப் பேச்சை நாக்கிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டவர். விபத்தைப் பற்றி அவருக்கு நெடுங்காலமாக ஓர் எண்ணம் உண்டு. படிக்காதவன் செய்கிற காரியம் அது. விதி சரியாகத்தான் இருக்கும். தப்பு எப்போதும் விதிக்குக் கீழே நிற்கிறவனிடம்தான் இருக்கும்.

"ஏன் வேலுமணி, பின்னாடி எத்தனை பேர் ஓடறானுங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலுமணி அந்தப் பகுதியின் பாதை இன்ஸ்பெக்டர். தண்டவாளமும் அதில் வேலை செய்கிற கூட்டங்களும் அவர் பொறுப்பு. புறப்பட்டதிலிருந்து மடியில் வைத்த தொப்பியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பேருங்க."

"மத்த ரெண்டு பேர்?"

"மேல குத்த வெச்சிருக்காங்க. உங்க முதுகுக்குப் பொறத்தாலதானுங்க."

"அப்போ மூணாவதா ஓடறவன் யாரு?"

வேலுமணியின் விரல்கள் தொப்பியின் விளிம்பைக் கசக்கிக்கொண்டிருந்தன. பதில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. தலைமை ஆள் கிட்டுசாமியின் குரல்.

"கரட்டு வெட்டு வந்தா நின்னுருமுங்க, சாமி."

"எது நின்னுரும்?"

பட்பட், பட்பட். நடுவில் அந்த மூன்றாவது. இப்போது அதன் மூச்சும் கேட்டது. ஈரமான மூச்சு. இந்த வெயிலில் யாருக்கு இப்படி இரைக்கும்?

லிங்கசாமிக்குச் சிரிப்பு வந்தது, வரவழைத்துக்கொண்டார். யூனியன்காரன் வேலை. விசாரணை முடிகிற நேரத்தில் அதிகாரியைப் பயமுறுத்திப் பார்க்கிறான்கள். யாரோ ஒருத்தனைப் பின்னால் ஓடவிட்டு, இவன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடிக்கிறான்கள். அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

விசாரணை கரட்டு வெட்டில் நடந்த விபத்தைப் பற்றியது. கிளுவங்காட்டிலிருந்து மூன்று மைல் தள்ளி பாறைக் குன்றாக ஒரு கல் கரடு குறுக்கே கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அதை நடுவே வெட்டிப் பாதை போட்டார்கள். முப்பது அடி உயரப் பாறைச் சுவர் இரண்டு பக்கமும். உள்ளே பாதை வில்லாக வளைந்து போகும். நடுவில் நின்றால் இரண்டு வாயும் தெரியாது. போன தை மாதத்தில் அங்கே ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த ஐந்து பெண்களையும் ரயில் வந்தால் விசில் ஊதி எச்சரிக்க அவர்களுக்குக் காவல் நின்ற செங்கோட்டையனையும் ஒரு சரக்கு வண்டி அடித்துக் கொன்றுவிட்டது.

வெட்டுக்கு இரண்டு வாய் இருப்பதால் காவலுக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று செங்கோட்டையன் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தான். அந்த மனு மேலே மேலே போய்க் கடைசியில் லிங்கசாமியின் மேஜைக்கு வந்தது. அவர் அதற்கு முந்தின வருஷம் அந்த வழியாக டிராலியில் போயிருந்தார். எதையும் பார்த்ததாக நினைவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போயிருக்க வேண்டும். மனுவின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: எதிர்ப்பக்கத்துக்கு ஆள் தேவையில்லை.

விசாரணை ஸ்டேஷனின் காத்திருப்பு அறையில் நடந்தது. செங்கோட்டையனின் மனைவி சாமியாத்தாள் கடைசிச் சாட்சி. அழவில்லை. மேஜைக்கு எதிரில் நின்று, யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றபடியே, சொன்னாள்:

"ஆமாங்க சாமி, எடத்த உட்டுட்டுத்தான் போனாருங்க. அவரு நின்னது கோயமுத்தூர்ப் பக்கமுங்க. வண்டி ஈரோட்டுப் பக்கமிருந்து வந்துச்சுங்க. அக்கட்ட ஆளில்லீங்க. நா சோறு கொண்டாந்தனுங்க, மேட்டு மேலிருந்து பாத்தனுங்க. பொகை தெரிஞ்சதும் ஊதி ஊதிப் பாத்தாருங்க. பொம்பளைங்க காதுல உழுகலீங்க. அதுக்கப்பறந்தான் எடத்த உட்டுட்டு ஓடுனாருங்க. வண்டிக்கு நேரா ஓடுனாருங்க."

குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு லிங்கசாமியைப் பார்த்தான்.

"முதல் வரி போதும்," என்றார் லிங்கசாமி.

காவல் ஆள் தன் இடத்தை விட்டு அகன்றதை அவர் மனைவியே ஒப்புக்கொள்கிறார். அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. பொய் ஒரு சொல் இல்லை. லிங்கசாமி பொய் எழுதுகிறவர் அல்ல; அதில் அவருக்குப் பெருமை உண்டு. உண்மையை வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்வார், அவ்வளவுதான். அந்த அறிக்கை கையெழுத்தாகிப் போனால் ஆறு குடும்பத்துக்கும் நஷ்டஈடு கிடையாது. சாமியாத்தாள் ரயில்வே குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அடுத்த திங்கட்கிழமை அதே வெட்டில் இன்னொரு கூட்டம் ஒற்றைக் காவலோடு வேலை தொடங்கும். ஒரே ஒரு வரிதான் பாக்கி. மேற்கு வாயில் ஊதுகிற விசில், நடுவில் வேலை செய்கிறவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். கேட்கும் என்று எழுத, ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார்.

டிராலி வெட்டுக்குள் நுழைந்தது. வெயில் துண்டாக நின்றது.

அதோடு மூன்றாவது காலடியும் நின்றது. ஓய்ந்து போகவில்லை, தேயவில்லை. வாசலில் யாரோ தடுத்து நிறுத்தியதுபோல, ஒரு கட்டையில் காலடி விழுந்தது, அடுத்த கட்டையில் விழவில்லை.

"பாத்தியா," என்றார் வேலுமணியிடம், தேவைக்கு மேல் உரக்க. "ஓடிக் களைச்சுட்டான்."

உள்ளே காற்று வேறாக இருந்தது. சுவர்களில் பழைய வெடிக்குழித் தடங்கள், அவற்றில் புகை படிந்து கருத்த கோடுகள். எண்ணெயும் துருவும் கரிச்சாம்பலும் கலந்த வாடை. அதோடு இன்னொன்று. கம்பஞ்சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்த புளித்த மணம், இப்போதுதான் யாரோ தூக்குப்போசியைத் திறந்து வைத்ததுபோல். லிங்கசாமி சுற்றிலும் பார்த்தார். பாறை. ஜல்லி. மூன்று மாதமாக யாரும் வேலை செய்யாத பாதை.

வெட்டின் நடுவில், பெண்கள் வேலை செய்த இடத்தில், அவர் இறங்கினார். திட்டத்தைச் சொன்னார். எல்லோரும் டிராலியோடு மேற்கு வாய்க்குத் திரும்பிப் போக வேண்டும். வேலுமணி அங்கே நின்று ஐந்தே காலுக்கு ஒருமுறை, அதன்பின் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விசில் ஊத வேண்டும். கேட்டதும் லிங்கசாமி நேரத்தைக் குறித்துக்கொண்டு நடந்து வருவார்.

கிட்டுசாமி முன்னால் வந்து நின்றான். லிங்கசாமி அவன் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார். நரைத்த மீசை. ஒரு கண்ணில் புரை.

"சாமி, அக்கட்டால ஒரு ஆளு நிக்கோணுமுங்க."

"பர்மிட் இருக்கு. அஞ்சு நாப்பது வரைக்கும் இந்தப் பாதை நம்மோடது. ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்துப் போட்டிருக்கான்."

"இருக்குதுங்க. இருந்தாலுமுங்க... அஞ்சு நாப்பதுக்கு மேல அக்கட்டயிருந்து கூட்ஸ் வண்டி வருமுங்க. நா போயி நிக்கறனுங்க. கால் மைலுதானுங்க. உங்களுக்கு ஒரு செரமமும் இல்லீங்க."

"நீ அங்க போய் நின்னா என்ன அர்த்தம் தெரியுமா? அங்க ஒரு ஆள் வேணும்னு அர்த்தம். வேண்டாம்னு நான் எழுதியிருக்கேன்."

கிட்டுசாமி வேலுமணியைப் பார்த்தான். வேலுமணி தன் பூட்ஸைப் பார்த்தார்.

"செங்கோட்டையனும் இதையேதானுங்க கேட்டான்," என்றான் கிட்டுசாமி.

"போ."

போனார்கள். டிராலியின் சக்கரச் சத்தம் வளைவில் திரும்பி, பாறையில் மோதி, இரண்டாகி, ஒன்றுமில்லாமல் போயிற்று. எவ்வளவு வேகமாகப் போனார்கள் என்பதை லிங்கசாமி கவனித்தார்.

ஐந்து மணிக்கு எங்கோ தூரத்தில் மில் சங்கு ஊதி அடங்கியது. அதற்குப் பிறகு வெட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. வெயில் ஏறின இரும்பு ஆறும்போது போடுகிற சின்னச் சின்னச் சொடுக்குகள் மட்டும் தண்டவாளத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். கருமேகம் வெட்டுக்கு நேர்மேலே வந்துவிட்டது. மேலே தெரிந்த நீளமான வானத்துண்டு ஈயமாகி, ஈயம் சாம்பலாயிற்று; பாறையின் மஞ்சளும் ஜல்லியின் வெண்மையும் மங்கி எல்லாம் ஒரே நிறமாயின.

ஐந்தே கால். காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து இருபது. ஒன்றுமில்லை.

சோம்பேறிப் பயல் ஊதவில்லை. இல்லாவிட்டால் மூச்சு போதவில்லை. இவனையெல்லாம் எப்படி இன்ஸ்பெக்டர் ஆக்கினான்கள்? மேற்குக் காற்று வெட்டுக்கு மேலாகச் சீறிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஒரு துரும்பும் அசையவில்லை. சத்தம் மேலே ஏறிக் காற்றோடு போய்விடுகிறது என்று பள்ளிப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். லிங்கசாமிக்கும் தெரிந்தது. தெரிந்ததை அவர் நினைக்கவில்லை.

ஐந்து இருபத்தைந்து.

மோர் மணம் மறுபடி வந்தது. இப்போது நெருக்கமாக. கூடவே வெற்றிலையும் தலைக்கு வைத்த விளக்கெண்ணெயும். குனிந்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் யாரோ இருந்தால் வருகிற மணம். முதுகுப் பக்கம் ஜல்லி லேசாகச் சரிந்தது. கூடையில் கல் விழுகிற சத்தம் மாதிரி. திரும்பினார். காலியான பாதை.

"யாரது?"

யாரது, யாரது என்று பாறை கேட்டது.

முதல் மழைத்துளி கடிகாரக் கண்ணாடியில் விழுந்தது. ஐந்து முப்பது. விசில் இல்லை. இப்போதே நடந்தால் ஐந்து நிமிஷத்தில் மேற்கு வாய்க்குப் போய்விடலாம். கேட்டது என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போய்விடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் கேட்கவில்லையே. கேட்காததைக் கேட்டதாக எழுதினால் அது பொய். பொய் எழுதுகிறவன் குமாஸ்தா. அவர் அதிகாரி. அந்தக் கிழவன் முன்னால், அந்தப் புரைக்கண்ணன் முன்னால், தோற்றுப்போய் நடந்து போவதா? இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை.

மழை இறங்கியது. சித்திரை மழைக்கு அளவு தெரியாது. பாறைச் சுவர்கள் இரண்டிலும் நீர் கோடு கோடாக வழிந்து பாதையோர வாய்க்காலில் சலசலத்தது. தண்டவாளத்திலிருந்து ஆவி எழுந்தது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் கலங்கலாயிற்று. ஐந்து முப்பத்தைந்து எப்போது போனது என்று அவர் பார்க்கவில்லை. நனைந்த கோட்டுக்குள் நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. மழையால்தான். மழையால்தான்.

விசில் கேட்டது.

தெளிவாக. நீளமாக. ஐந்து நாற்பது! லிங்கசாமி சிரித்தே விட்டார். நனைகிற நோட்டுப்புத்தகத்தைக் கோட்டால் மறைத்துக்கொண்டு எழுதினார்: விசில் தெளிவாகக் கேட்டது, 5.40. எழுதி முடிக்கிற நேரத்தில் மறுபடி கேட்டது. மறுபடி. மறுபடி. இடைவெளியே இல்லாமல், மூச்சு முட்ட முட்ட, வெறி பிடித்தவன் ஊதுவதுபோல்.

இப்படி ஊதச் சொல்லவில்லையே.

மேற்கு வளைவிலிருந்து ஓர் உருவம் திரும்பியது. ஓடி வந்தது. கையில் சிவப்புக் கொடி. வேலுமணி, நேரம் ஆகிவிட்டதென்று சொல்ல வருகிறான். ஓடுகிற ஓட்டத்தைப் பார். ஒரு கட்டையில் தடுக்கி. அடுத்ததைத் தாண்டி.

லிங்கசாமியின் சிரிப்பு நின்றது.

அந்தக் காலடி.

வேலுமணி பூட்ஸ் போட்டிருந்தார். இவன் வெறுங்கால். வேலுமணிக்கு முழுக்கால் சட்டை. இவனுக்குக் காக்கி அரைக்கால் சட்டை, தலையில் துண்டு. மழை அவன்மேல் விழவில்லை. அவனைச் சுற்றி வெயில் இருந்தது. தை மாதத்து வெளிறிய வெயில். அவன் நிழல் கட்டைகளின்மேல் கூடவே ஓடியது.

வாயில் விசில். அது விழுந்தது. வாய் திறந்தது. அவன் எதையோ கத்தினான். சத்தம் இல்லை. கழுத்து நரம்புகள் புடைத்தன. கை, அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கிழக்கே காட்டியது.

ஓடினான். ஓடினான். நெருங்கவே இல்லை.

பிறகு நெருங்கிவிட்டான்.

லிங்கசாமி பின்வாங்கினார். கால் தண்டவாளத்தில் இடறியது. வாய்க்கால் நீருக்குள் விழுந்து எழுந்து பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டார். செங்கோட்டையன் அவரைப் பார்க்கவில்லை. அவர் அங்கே இருப்பதாகவே அவனுக்குத் தெரியவில்லை. இரண்டடி தூரத்தில் கடந்தான். எரிந்த கிரீஸ் வாடை. சூடு. ஒரு விசும்பல். கிழக்கு வளைவில் திரும்பினான். போய்விட்டான்.

மழை மட்டும்.

பாறையோடு ஒட்டி நின்றால் ரயில் தொடாது. இரண்டரை அடி இடைவெளி. அதை அளந்து விதிப்புத்தகத்தில் சேர்த்தவரே அவர்தான். இரண்டரை அடி. போதும். அசையக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாம் முடியும் வரை.

கூடையில் கல் விழுந்தது.

கண்ணைத் திறந்தார்.

பெண்கள். தண்டவாளங்களுக்கு நடுவில், வரிசையாக, குனிந்து. ஐந்து பேர். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தார்கள். கை ஜல்லியை அள்ளியது, கூடையில் போட்டது, அள்ளியது, போட்டது. தலைமயிர் முகத்தை மறைத்திருந்தது. மழை அவர்கள்மேலும் விழவில்லை.

தண்டவாளம் பாட ஆரம்பித்தது. மிக மெல்லிய ரீங்காரம். கிழக்கிலிருந்து.

லிங்கசாமிக்கு அந்த ஓசை தெரியும். இருபத்திரண்டு வருஷம். ஒரு மைல். ஒன்றரை மைல் இருக்கலாம்.

வரிசையின் கடைசியில் இருந்தவள் கையை நிறுத்தினாள். நிமிர்ந்தாள். இருபது வயதுகூட இருக்காது. நெற்றியில் கலையாத குங்குமம். முகம் முழுசாக இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் மரியாதையோடு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"ஏனுங்க சாமி," என்றாள், "அக்கட்டயிருந்து வண்டி ஏதும் வருதுங்களா?"

மற்ற நான்கு பேரும் நிமிர்ந்தார்கள். ஐந்து முகம். நம்பிக்கையோடு காத்திருக்கிற முகங்கள். பெரியவர் சொல்வார். பெரியவருக்குத் தெரியும்.

வருகிறது. ஒரு சொல். ஒரே ஒரு சொல்.

சொன்னால், அந்தப் பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்றாகிவிடும்.

லிங்கசாமி தொண்டையைச் செருமினார். அவர் குரல் வெளியே வந்தது. நிதானமாக, சலிப்போடு, மேஜைக்குப் பின்னாலிருந்து பேசுகிற அதே குரல். பேச்சு மட்டும் பழைய காங்கேயத்துப் பேச்சு.

"அக்கட்டயிருந்து வண்டியொண்ணும் வர்ல. வேலையப் பாரு, போ."

"செரீங்க சாமி."

நம்பினார்கள். ஐந்து முதுகும் குனிந்தது. இளையவள் மட்டும் குனியுமுன் சற்றுத் தள்ளி இடம் விட்டாள். பக்கத்தில் கிடந்த காலிக் கூடையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவர் கால் பாறையை விட்டு வந்தது. வேண்டாம். அடுத்த காலும் வந்தது. வேண்டாம், வேண்டாம். வாய்க்காலைத் தாண்டியது. தண்டவாளத்தைத் தாண்டியது. கை கூடையைப் பிடித்தது. முதுகு வளைந்தது, ஐம்பது வருஷத்தில் யாருக்கும் வளையாத முதுகு. விரல்கள் ஜல்லிக்குள் புதைந்தன. அள்ளின. போட்டன. அள்ளின.

இரும்பு அதிர்ந்தது. கல் அதிர்ந்தது. பல் அதிர்ந்தது.

நிமிர வேண்டும். கழுத்து கேட்கவில்லை.

கிழக்கு வளைவின் பாறையில் எஞ்சின் விளக்கின் வெளிச்சம் விழுந்தது. வளைவுக்கேற்ப மெதுவாகத் திரும்பியது. ஈரப்பாறை வெளுத்தது. தண்டவாளம் வெளுத்தது. பிறகு குனிந்த முதுகுகள், வரிசையில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டே வந்தன. ஐந்தாவதுக்கு அடுத்து, கறுப்புக் கோட்டு போட்ட ஆறாவது.

ஒருவரும் தலை நிமிரவில்லை.